பரிசைத் தொடாமல் குலுக்கலை மட்டும் மாற்றாதீர்கள்: என்.பி.ஏ. டிராஃப்டைத் திருத்த ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், அணிகள் வருஷாவருஷம் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். முதல் இடங்கள் யாருக்கு என்பதை ஒரு லாட்டரி தீர்மானிக்கும், அதிகம் தோற்ற அணிக்கு அதிக வாய்ப்பு. இந்த டிராஃப்டைத் திருத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தாலே எல்லோரும் நேராக லாட்டரி எந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறார்கள். மோசமான அணிக்கு எத்தனை சதவீதம் கொடுக்கலாம், பத்தா பதினான்கா, ஐந்தாவது இடத்துக்குக் கீழே விழ விடலாமா கூடாதா என்று மணிக்கணக்கில் வாதம் ஓடும். இதையெல்லாம் லீக் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது. 1966 முதல் இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கு நடுவே காசு சுண்டினார்கள். 1985-இல் உறைகளைக் குலுக்கினார்கள். 1990-இல் தோல்விக்கேற்ற எடை கொடுத்தார்கள், 1993-இல் 66-இல் ஒரு வாய்ப்பு மட்டுமே இருந்த ஆர்லாண்டோ தொடர்ந்து இரண்டாம் வருஷமாக முதலிடம் பிடித்ததும் அலறியடித்துக்கொண்டு எடையைக் கூட்டினார்கள், அப்புறம் 2019-இல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று மறுபடி குறைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் மார்ச் மாதம் வந்தால் வேண்டுமென்றே தோற்கும் அணிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஏன் என்று கேட்டால், குலுக்கலை மாற்றினார்களே ஒழிய பரிசை, அதாவது முதலிடத்தில் கிடைக்கும் மலிவான நட்சத்திரத்தை, யாரும் தொடவில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். நீங்கள் ஒரு சீர்திருத்தத் திட்டம் எழுத உட்கார்ந்தால், சம்பளத்தில் ஆரம்பியுங்கள், வளர்ப்புக்குப் போங்கள், வயது வரம்பைப் பாருங்கள், லாட்டரியைக் கடைசியாக எடுங்கள்.

முதலில் எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று பாருங்கள்

லாட்டரி விதிகளை மாற்ற அணி உரிமையாளர்களின் வாக்கு வேண்டும், 30-இல் 23. 2014-இல் ஒரு லாட்டரித் திருத்தம் 17-க்கு 13 என்று பெரும்பான்மை பெற்றும் தோற்றது இதனால்தான். சம்பளம், வயது வரம்பு, ஒப்பந்த நீளம் போன்றவை வீரர் சங்கத்தோடு போடும் கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பவை. உரிமையாளர்கள் தனியாக அங்கே கை வைக்க முடியாது.

நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு லியான் வுட்டின் கதை இருக்கிறது. 1984-இல் பத்தாவதாகத் தேர்வானவர். பிலடெல்பியா அணிக்குச் சம்பள வரம்பில் (ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கான எல்லை) இடமில்லாததால் குறைந்தபட்சச் சம்பளத்தை நீட்டினார்கள். டிராஃப்டும் சம்பள வரம்பும் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று அவர் வழக்குப் போட்டார், 1987-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும்போது, இன்னும் சங்கத்தில் சேராத புது ஆளையும் அது கட்டுப்படுத்தும் என்பதுதான் அங்கே நிலைத்த கருத்து. (பின்னாளில் அதே வுட் என்.பி.ஏ.வில் நடுவராக விசில் ஊதினார், அது வேறு கதை.)

இதிலிருந்து உங்கள் திட்டத்துக்கு ஒரு பாடம் உண்டு. பத்தொன்பது வயதுப் பையனின் சம்பளத்தை முடிவு செய்யும் மேசையில் அவன் இல்லை. ஒரு பக்கம் உரிமையாளர்கள், மறுபக்கம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள். வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு என்று தீர்மானமாகிவிட்டதால், புதியவனுக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு டாலரும் மூத்த வீரர்களின் பங்கிலிருந்துதான் வரும். அப்படியானால் பந்திக்கு முந்தியவர்கள் ஏன் இலையை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள்? திட்டத்தின் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம்: பரிசு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடுங்கள்

1994-இல் முதலாவதாகத் தேர்வான கிளென் ராபின்சன் 10 கோடி டாலர் கேட்டு, கடைசியில் பத்து வருஷத்துக்கு 6.8 கோடிக்குக் கையெழுத்திட்டார். ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால். மூத்த வீரர்களுக்கே வயிறு எரிந்தது. மறு வருஷமே புதியவர்களுக்கான சம்பள அட்டவணை வந்துவிட்டது. அந்த அட்டவணைப்படி வந்த முதல் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்த கெவின் கார்னெட்டும் ஒருவர். 1997-இல் அவர் ஆறு வருஷத்துக்கு 12.6 கோடி வாங்கியதைப் பார்த்து உரிமையாளர்கள் மிரண்டுபோனார்கள். 1998-இல் கதவடைப்பு, 50 ஆட்டங்களுக்குச் சுருங்கிய சீசன், அதன் முடிவில் தனிநபர் சம்பளத்துக்கும் உச்சவரம்பு.

இந்த இரண்டு பூட்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பாருங்கள். 2023-இல் முதலாவதாக வந்த விக்டர் வெம்பன்யாமாவுக்கு முதல் வருஷச் சம்பளம் ஏறக்குறைய 1.2 கோடி டாலர், அதாவது அந்த வருஷத்துச் சம்பள வரம்பில் ஒன்பது சதவீதம். பத்து வருஷம் ஆடிய ஒரு நட்சத்திரம் 35 சதவீதம் வரை வாங்கலாம். நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் பரிசு. நாலு வருஷத்துக்கு ஒரு நட்சத்திரத்தைக் கால்விலைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தில் சுற்றிலும் நல்ல ஆட்களை வாங்கிப் போடலாம். இப்படி ஒரு பரிசைத் தட்டில் வைத்துக் காட்டிவிட்டு 'தோற்காதே' என்று சொன்னால் எந்தப் பொது மேலாளர் கேட்பார்? பிலடெல்பியா 2013 முதல் மூன்று சீசனில் 47 வெற்றி, 199 தோல்வி என்று ஆடியதைப் பைத்தியக்காரத்தனம் என்று பலர் திட்டினார்கள். கணக்குப் பார்த்தால் பைத்தியம் விதிகளுக்குத்தான் பிடித்திருந்தது.

கீழே போனால் இடைவெளி இன்னும் கொடூரமானது. நிகோலா யோக்கிச் 2014-இல் 41-வது தேர்வு. 2017-18 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 18 புள்ளிக்கு மேல், பத்துக்கு மேல் ரீபவுண்ட், ஆறு அசிஸ்ட். அந்த வருஷச் சம்பளம் சுமார் 15 லட்சம் டாலர், சம்பள வரம்பில் ஒன்றரை சதவீதம்!

சரி, என்ன செய்யலாம். எல்லோருக்கும் அட்டவணையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லாதீர்கள், அது மேசைக்கே வராது. முதல் இரண்டு வருஷம் அட்டவணை அப்படியே இருக்கட்டும். மூன்றாம் வருஷத்திலிருந்து, ஆடிய ஆட்டத்துக்கேற்ப ஏறும் சம்பளத்தை எழுதுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆடிய நிமிஷங்களை அளவுகோலாக வைத்தால், அணி அந்த நிமிஷங்களையே வெட்டிவிடும். பேஸ்பாலில் சிகாகோ கப்ஸ் 2015-இல் கிரிஸ் பிரையன்ட்டை சீசனின் முதல் சில நாட்கள் கீழ் லீகில் உட்காரவைத்து, ஒரு முழு வருஷக் கட்டுப்பாட்டைக் கூடுதலாகச் சம்பாதித்தது. அவர் புகார் கொடுத்தும் பலிக்கவில்லை. அதே பேஸ்பால்தான் 2022-இல் ஒரு மருந்தும் கண்டுபிடித்தது: இளம் வீரர்களுக்கென்று வருஷத்துக்கு 5 கோடி டாலர் பொது நிதி. நன்றாக ஆடியவனுக்கு அதிலிருந்து போனஸ் போகும், அணியின் பையிலிருந்து தனியாக எதுவும் போகாது, ஆகவே அவனை ஒளித்துவைக்கக் காரணமும் இல்லை.

என்.பி.ஏ.வுக்கு எழுதும்போது இதை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாம் சுற்றில் வந்தவர்கள், தேர்வே ஆகாமல் வந்தவர்கள் ஆகியோருக்குப் பொது நிதியிலிருந்து போனஸ், அணியின் கணக்கில் ஏறாது. முதல் ஐந்து இடங்களில் வந்தவர்களுக்கு மட்டும், ஆல்-ஸ்டார் தரத்துக்கு உயர்ந்தால் கூடும் சம்பளம் அணியின் சம்பள வரம்புக் கணக்கிலேயே ஏறட்டும். வெம்பன்யாமாவைச் சம்பளம் மிச்சம் பிடிக்க பெஞ்சில் உட்காரவைக்கும் பயிற்சியாளர் இன்னும் பிறக்கவில்லை, அதனால் கண்ணி அங்கே வேலை செய்யாது. பரிசின் மதிப்பும் அங்கேதான் குறைய வேண்டும். மூத்தவர்களின் சம்மதத்துக்கு, அவர்களின் குறைந்தபட்சச் சம்பளத்தில் லீக் ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளும் பகுதியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பேரம் பேசாமல் எதுவும் நகராது.

கட்டுப்பாடுள்ள சுதந்திர ஒப்பந்தம் என்ற வினோதத்தையும் விட்டுவிடாதீர்கள். நாலு வருஷம் முடிந்த பிறகும், வேறு அணி கொடுக்கும் விலையைப் பழைய அணி அப்படியே ஈடுகட்டி ஆளைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். 2025 கோடையில் ஜோனதன் குமிங்கா, ஜாஷ் கிடி, கேம் தாமஸ், குவென்டின் கிரைம்ஸ் நாலு பேரும் வாரக்கணக்கில் தொங்கலில் கிடந்தார்கள். மற்ற அணிகளிடம் பணமில்லை, சொந்த அணிக்கு அவசரமில்லை. கடைசி இருவரும் ஒரு வருஷ ஒப்பந்தத்தோடு திரும்பினார்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் இதற்கு நடுவர் தீர்ப்பு முறை இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்டு முதல் தேதிக்குள் முடியவில்லையா, மூன்றாம் ஆள் விலை சொல்லட்டும்.

வளர்ப்பு: நன்றாகச் செய்தவனுக்கு என்ன கிடைக்கிறது?

பாஸ்கல் சியாகம் 2016-இல் 27-வது தேர்வு. டொரான்டோவில் முதல் சீசனிலேயே தொடக்க ஐவரில் இறங்கினார், பாதியில் இடம் போனது. போனவரைப் பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்து மறந்துவிடாமல், பக்கத்திலேயே இருந்த தங்கள் கீழ் லீக் அணியான ராப்டர்ஸ் 905-க்கு அனுப்பினார்கள். அந்த வசந்தத்தில் 905 கோப்பை வென்றது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் சியாகம். இரண்டு வருஷம் கழித்து, 2019 என்.பி.ஏ. இறுதியின் முதல் ஆட்டம்: 17 முறை எறிந்து 14 உள்ளே, 32 புள்ளி. அதே கோப்பை அணியில் இருந்த ஃபிரெட் வான்வ்லீட்டும் 905 வழியாக வந்தவர்தான், அவரை டிராஃப்டில் யாரும் சீண்டவே இல்லை.

இதில் எந்த மந்திரமும் கிடையாது. ஆட நேரம் இருந்தது, பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள், கூப்பிடு தூரத்தில் மேல் அணி இருந்தது. பெரும்பாலான அணிகள் இதைச் செய்வதற்கு விதிகளில் என்ன ஊக்கம் இருக்கிறது என்று தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். கீழ் லீக் சம்பளம் 2024-25 சீசனில் சுமார் 43 ஆயிரம் டாலர். 2017-இல் வந்த டூ-வே ஒப்பந்தம் (மேல் அணிக்கும் கீழ் அணிக்கும் மாறிமாறி ஆடுவதற்கானது), புதியவரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி, மேல் அணியோடு அதிகபட்சம் 50 ஆட்டம். அதைத் தாண்டி, என்.பி.ஏ. ஒப்பந்தம் இல்லாத கீழ் லீக் வீரனை எந்த அணி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். நீங்கள் ஒரு வருஷம் பாடுபட்டு ஒருவன் இடதுகையால் பந்து தட்டும் விதத்தைத் திருத்துகிறீர்கள், பிப்ரவரியில் எதிரணி ஒரு தொலைபேசி அழைப்பில் கொத்திக்கொண்டு போகிறது, உங்களுக்கு ஒரு சல்லிக் காசு கிடையாது.

கால்பந்தில் ஃபிஃபா இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. ஒரு வீரன் பெருந்தொகைக்கு மாறும்போது, அந்தத் தொகையில் ஐந்து சதவீதம், 12 முதல் 23 வயதுவரை அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பங்காகிப் போகும். என் திட்டத்தின் வளர்ப்புப் பகுதியில் இதுதான் முதல் வரியாக இருக்கும். ஆளை வளர்த்த கீழ் லீக் அணிக்கு, அவனது முதல் பெரிய ஒப்பந்தத்திலிருந்து ஒரு சிறு தொகை, அதைத் தருவது லீக். ஐரோப்பிய கிளப்புகளுக்கும் அதே கணக்கு. லூகா டான்சிச்சைப் பதிமூன்று வயதிலிருந்து வளர்த்தது ரியல் மாட்ரிட். இன்றைய விதிப்படி ஒரு கிளப்புடனான ஒப்பந்தத்தை முறிக்க என்.பி.ஏ. அணி ஓரளவுக்கு மேல் பணம் தர முடியாது, மீதி வீரனின் கையிலிருந்து போகிறது. வளர்த்த இடத்துக்கான கூலியை வளர்ந்தவனே கட்டுவது என்ன நியாயமோ.

ஒரு எச்சரிக்கை. பதினெட்டு வயதுக்காரர்களை மையமாக வைத்து ஓர் அணி அமைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கீழ் லீகான ஜி லீகின் இக்னைட் அணி அதைத்தான் 2020-இல் செய்தது, ஜேலன் கிரீன், ஸ்கூட் ஹெண்டர்சன் போன்றவர்களை மேலே அனுப்பவும் செய்தது, ஆனால் பையன்கள் போகப்போகத் தங்களைவிட மூத்த ஆட்களிடம் தோற்றுக்கொண்டே இருந்தார்கள், அதற்குள் கல்லூரிகளில் பணம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. 2024-இல் மூடிவிட்டார்கள்.

வயது வரம்பு: பழைய சண்டையை விடுங்கள்

2005 முதல் 19 வயதும், பள்ளி முடித்து ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். இதை ஒழிக்க வேண்டுமா வேண்டாமா என்பது இருபது வருஷச் சண்டை. இப்போது அது பாதி செத்துவிட்டது என்பது என் எண்ணம். 2021-இல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது, 2025-இல் வந்த வழக்குத் தீர்வின்படி ஒரு பல்கலைக்கழகம் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பிரித்துக் கொடுக்கலாம். விளைவைப் பாருங்கள்: 2021-இல் 353 பேர் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள், 2025-இல் 106 பேர்.

ஆகவே இன்றைய தலைவலி வேறு. 40-வது இடத்தில் தேர்வாகக் கூடியவனுக்கு டூ-வே ஒப்பந்தத்தைவிடக் கல்லூரியில் அதிகம் கிடைக்கலாம். அவன் ஏன் வர வேண்டும்? இதற்கும் ஹாக்கியிடம் விடை இருக்கிறது. பதினெட்டு வயதில் தேர்வு செய்துவிட்டு, உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லூரியில் ஆட விட்டுவிடுவார்கள். என்.பி.ஏ.வில் வெளிநாட்டு வீரர்களை இப்படி விட்டுவைப்பது பழக்கம்தான், யோக்கிச்சே தேர்வான பிறகு ஒரு வருஷம் செர்பியாவில் ஆடியவர். 2023-இல் 31-வதாகத் தேர்வான ஜேம்ஸ் நாஜி 2025 டிசம்பரில் பெய்லர் பல்கலைக்கழக அணியில் சேர்ந்ததும் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பலர் குதித்தார்கள். குதிக்காமல் அதையே விதியாக எழுதுங்கள். இரண்டாம் சுற்றில் தேர்வானவன் இரண்டு வருஷம் வரை கல்லூரியில் ஆடலாம், அதற்குள் அணி ஒப்பந்தம் தராவிட்டால் உரிமை காலாவதி. கல்லூரி விளையாட்டு அமைப்பின் சம்மதமும் வேண்டும், அது தனி தலைவலி.

இப்போது லாட்டரிக்கு வாருங்கள்

பரிசு கொஞ்சம் சிறுத்துவிட்டால் இங்கே செய்ய வேண்டியது குறைவு. மூன்று திருத்தம் போதும்.

ஒன்று, பாதுகாப்புடன் விற்கப்படும் தேர்வுகள். 2023 ஏப்ரல் 7, டல்லாஸ். அவர்களின் தேர்வு முதல் பத்துக்குள் விழுந்தால் அவர்களுக்கே, இல்லாவிட்டால் நியூயார்க்குக்கு. பிளே-இன் எனும் தகுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு இன்னும் இருந்தது. கைரி எர்விங் ஆடவில்லை. அன்றைக்கு அரங்கில் ஸ்லோவேனியா விழா என்பதால் டான்சிச்சை முதல் கால்பகுதிக்கு இறக்கிவிட்டு, இரண்டாவது தொடங்கியதும் வெளியே எடுத்தார்கள். சிகாகோவிடம் மூன்று புள்ளியில் தோல்வி. அபராதம் 7.5 லட்சம் டாலர், கையில் மிஞ்சியது பத்தாவது தேர்வு. அந்த விலைக்கு எந்த அணியும் மறுபடி வாங்கும். ஆகவே பாதுகாப்பு என்றால் முதல் நாலு இடம் அல்லது லாட்டரி முழுவதும், நடுவில் எதுவும் கிடையாது என்று எழுதுங்கள்.

இரண்டு, ஒரு வருஷக் கணக்கை விட்டுவிட்டு இரண்டு வருஷத் தோல்விகளைக் கூட்டுங்கள். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. இதைத்தான் செய்கிறது. காயத்தால் ஒரு வருஷம் சரிந்த பணக்கார அணிக்குப் பம்பர் அடிப்பது குறையும்.

மூன்று, தொடர்ச்சிக்குத் தடை. சான் அன்டோனியோ 2023-இல் முதலிடம், 2024-இல் நாலாமிடம், 2025-இல் இரண்டாமிடம். அவர்கள் விதியை மீறவில்லை, நன்றாகவே தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் ஐந்து வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் முதல் நாலுக்குள் ஏறக் கூடாது என்று ஒரு வரி இருப்பதில் தப்பில்லை.

முப்பது வருஷச் சக்கரம் என்று ஒரு யோசனை 2013-இல் பாஸ்டன் அணியின் மைக் ஜேரனிடமிருந்து வந்தது: ஒவ்வொரு அணிக்கும் முப்பது வருஷத்தில் ஒவ்வொரு இடமும் ஒருமுறை. அழகுதான். ஆனால் அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸுக்கு முதலிடம் என்று தெரிந்தால், பெரிய நட்சத்திரம் இந்த வருஷம் பெயர் கொடுக்க மாட்டான். பிளேஆஃப் வாய்ப்பை இழந்த பிறகு பெறும் புள்ளிகளுக்கு ஏற்ப வரிசை கொடுக்கும் முறையைப் பெண்கள் ஹாக்கி லீக் வைத்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கும், இருந்தாலும் 82 ஆட்ட சீசனில் சீக்கிரமே வெளியேறிவிட நவம்பரிலேயே தோற்பவர்கள் கிளம்புவார்கள் என்று பயம்.

தேதியை மறக்காதீர்கள்

இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2023-இல் தொடங்கி 2029-30 சீசன்வரை ஓடும், அதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே எந்தத் தரப்பும் விலகலாம். சம்பளமும் வயதும் அந்த மேசைக்குத்தான் போக வேண்டும். லாட்டரி விதியை நடுவிலும் மாற்றலாம், ஆனால் அணிகள் ஏழு வருஷம் முன்கூட்டியே முதல் சுற்றுத் தேர்வுகளை விற்க முடியும் என்பதால், யாரோ ஒருவர் பழைய விதியை நம்பிப் பெரிய விலை கொடுத்து வாங்கிவைத்திருப்பார். நீங்கள் இன்று விதியை மாற்றினால் அவர் நாளை வக்கீலோடு வருவார், 23 வாக்கும் சேராது. எனவே முழுத் திருத்தமும் ஏழாவது வருஷத்து டிராஃப்டிலிருந்து அமலாகும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த டிராஃப்டில் பெயர் கொடுக்கப் போகிறவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது இருக்கும், எங்கோ ஒரு பள்ளி மைதானத்தில் தன் உயரத்துக்கு மீறிய வளையத்தை நோக்கி எறிந்துகொண்டிருப்பான்.